முழுக்கைச் சட்டை

சேவியர் கீழே ஆட்டோவிலிருந்து இறங்குவதைச் சன்னல் வழியே பார்த்ததும், சூசைமுத்து கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டையை மாட்டி, கைப்பொத்தானையும் போட்டுக்கொண்டு நாற்காலிக்கு மாறினார். மனைவி ஆரோக்கியம் அவர் விட்டு எழுந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

மார்பில் கட்டி அவருக்குத்தான். ஆண்களுக்கும் அந்தப் புற்று வரும் என்று டாக்டர் சொன்னபோது, ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கிறவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சேவுகம்பட்டியில் ஒருத்தன் நமட்டுச் சிரிப்புச் சிரித்தாலும் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். கட்டி ஆரோக்கியத்துக்கு என்று ஊரில் சொன்னவர் அவர்தான். அவள் மறுக்கவில்லை. தோட்டத்துக்குப் பூப்பறிக்க வருகிற பெண்கள் தன் மாராப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதையும் பொறுத்துக்கொண்டாள்.

காலையில் தமிழ்மதி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருந்தாள். நோயோடு மல்லுக்கட்ட உடம்பே சில புரதங்களை உண்டாக்குமாம். ஆபரேஷனுக்குப் பிறகு அவை எப்படி மாறுகின்றன என்று பார்க்க, முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றாள். இந்த நோயில் ஆண்களின் ரத்தம் கிடைப்பது அபூர்வம் என்றாள். பேர் வெளியே வராது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டுதான் அவர் சம்மதித்தார்.

சித்தப்பா மகனான சேவியர் ஆயக்குடிக் கொய்யாவை மேசையில் வைத்தான்.

"குடுத்து வச்சவுக மதினி நீங்க. மாருல கட்டின்னா பொண்டாட்டியப் பொறந்த வீட்டுக்குப் பத்திவிடுற பயலுக இருக்கானுக. அண்ணன் மொகத்தப் பாருங்க, தனக்கே வந்தமாரி வாடிப்போயிருக்காரு."

"ஆமா தம்பி. எனக்காக அவுக எம்புட்டுச் சொமக்குறாக" என்றாள் ஆரோக்கியம். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

தமிழ்மதி கேட்ட ரத்தத்தை எடுக்க வந்த நர்ஸ் அவர்களை முன்பின் பார்த்திராதவள். நேரே கட்டிலுக்குப் போனாள். ஆரோக்கியம் தயங்காமல் கையை நீட்டினாள். நர்ஸ் மணிக்கட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"பேர்ப்பட்டையக் காணோமே, கழட்டிட்டீங்களாம்மா? அது இல்லாம நான் ஊசி குத்த மாட்டேன்."

"இங்கிட்டுத்தேன் விழுந்துகெடக்கும்" என்று சேவியர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, மண்டி போட்டுக் கட்டிலுக்கடியில் தலையை நுழைத்தான். நர்ஸ் தலையணையைத் தூக்கி உதறினாள். ஆரோக்கியத்தின் கை நீட்டியபடியே இருந்தது. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்திரிலே, சேவியரு" என்றார் சூசைமுத்து.

கைப்பொத்தான் விரலுக்கு வழுக்கியது. விறைத்த துணியை ஒரு மடிப்பு மடித்தார். இன்னொரு மடிப்பு. மணிக்கட்டில் பேர்ப்பட்டை வெளியே வந்தது. சேவியர் முழங்காலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.