வேகா வம்சம்

ஸ்பெயின், மெக்சிகோ முதலிய தேசங்களில் பரந்து வாழும் வேகா வம்சத்தார் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: தங்கள் திருத்தணிக் கிளையின் தலைவர், சமையற்கலைச் சக்கரவர்த்தி சுந்தரமூர்த்தி வேகா இயற்கை எய்தினார்.

தேவசேனா நீட்டிய தாளைப் பேனர் கடை கலீம் இரண்டு தடவை படித்தான்.

"யாருக்கா எழுதனது?"

"நைனாவேதான். போன மாசமே எழுதி வெச்சிட்டாரு. தேதி மட்டும் காலியா உட்டிருந்தாரு."

காலை ஏழு மணிக்கு, காபி ஆறிப்போயிருக்கிறது என்று குறை சொன்னவர், உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டார். மூன்று மணிக்கு எடுப்பு. அதற்குள் பேனர் தெருமுனையில் நிற்க வேண்டும்.

ஊரில் அவர்களுடையது 'வேகா வீடு'. ஒரு கிருத்திகைக்கு மலைமேல் அன்னதானத்தில் இரண்டு அண்டா பொங்கலை தேவசேனாவின் தாத்தா அரைவேக்காட்டில் இறக்கியதற்கு ஊர் கொடுத்த பட்டம். அதற்காக மூன்று தலைமுறை தலைகுனிந்தது. பிறகு சுந்தரமூர்த்தி செல்போன் வாங்கினார். வேகா என்பது ஸ்பானியக் குடும்பப் பெயர், ஆற்றோரப் பசும்புல்வெளி என்று அர்த்தம், அங்கே குடியிருந்தவர்களுக்கு ஒட்டிக்கொண்டது, இன்றைக்கு ஸ்பெயினைவிட மெக்சிகோவில்தான் வேகாக்கள் அதிகம் என்றெல்லாம் அதில் போட்டிருந்தது. அன்று நிமிர்ந்த தலை பிறகு இறங்கவேயில்லை. "நம்ம ஊட்டுக்குப் பின்னால நந்தியாறு ஓடுதா இல்லியா?" என்று எல்லோரையும் கேட்பார். ஓடவில்லை. யாரும் சொல்லவில்லை.

"இதைப் போட்டா ஊரே சிரிக்கும் கலீம். போடலேன்னா என் கட்டை வேகாதுன்னு சத்தியம் வாங்கினு பூட்டாரு."

"வேகான்னு போட்டா மட்டும் எப்டிக்கா வேகும்?" என்று கேட்டுவிட்டு கலீம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தேவசேனா அம்மாவுக்குப் போன் போட்டாள். எல்லம்மாள் யோசிக்கவே இல்லை.

"நாப்பது வருசம் அந்தாளு கொழம்புல உப்பு இல்லேன்னுகூட நான் சொன்னது இல்ல. இன்னைக்கா சொல்லப் போறேன்? பெருசா போடச் சொல்லு."

கலீம் பெரிதாகவே போட்டான். பின்னணியில் ஒரு புல்வெளியும் சேர்த்தான்.

பேனரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே வந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க அழுகிற மாதிரியே இருந்தது. பங்காளி சூர்யபிரகாஷ் மட்டும் மாலையைப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மெக்சிகோகாரங்க வர்ற வரைக்கும் வெச்சிருக்கணுமா அண்ணி, எடுத்துடலாமா?"

முதலில் சிரித்தது எல்லம்மாள்தான். வீடே சிரித்தது. எல்லோரும் நிறுத்திய பிறகும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தேவசேனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தகன மேடையிலிருந்து ஈரத்தலையோடு திரும்பிய கணவன் முருகவேலை தேவசேனா வாசலிலேயே நிறுத்தினாள். "நைனா கட்டை..." என்று இழுத்தாள். அவனுக்குப் புரிந்தது.

ஐந்து மணிக்கெல்லாம் நன்றாக வெந்துவிட்டார்.