சோதனைக்காரரின் கன்னத்தில் ஒரு முத்து

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், மனித குலம் இதுவரை கண்டிராத ஓர் அற்புதம் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, பல் மருத்துவர் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழவிருக்கிறது. பல் டாக்டர் ஒருவர் தம் உள்ளங்கையிலுள்ள முத்தை ஊதி மறையச் செய்து, எதிரே அமர்ந்திருப்பவரின் வாய்க்குள்ளிருந்து எடுத்துக் காட்டுவார். 'தந்த முத்து மர்மம்' என்று அவரே பெயரும் சூட்டிவிட்டார். குறை ஒன்றுதான். முன்கூட்டியே பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை.

போன வருட விழாவில் அவர் நாணயத்தை மறைத்தபோது, முன்வரிசையிலிருந்த சங்கத் தலைவர், "இடது கைக்குள்ள இருக்கு, எனக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டார். தலைவர் வேறு யாருமல்ல, டாக்டரின் சகலை. அன்றிலிருந்து குடும்பத்தில் எங்கே சந்தித்தாலும் சகலை அவருடைய இடது கையைத்தான் பிடித்துக் குலுக்குகிறார். இன்னொரு முறை மாட்டிக்கொண்டால் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

வீட்டில் ஒத்திகை பார்த்தார். மனைவி காய் நறுக்கியபடியே, "ஆமா, மறைஞ்சிடுச்சு" என்றாள். முத்து அப்போதும் அவர் உள்ளங்கையில் பளபளத்துக்கொண்டிருந்தது. மகள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அப்பா கிளினிக்குக்குக் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகே வெளியே வந்தாள்.

ஆகவே நோயாளிகள் பக்கம் திரும்பினார். எழுந்து ஓட மாட்டார்கள், வாய் மரத்திருப்பதால் குறுக்கே பேசவும் மாட்டார்கள். இவ்வளவு அடக்கமான சபை எந்த வித்தைக்காரனுக்கும் வாய்த்ததில்லை. எல்லோரும் தலையாட்டிப் பாராட்டினார்கள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அவரிடம் வேலை செய்யும் நர்ஸ்தான் கருவிகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கையில குறடு வச்சிருக்கிற ஆள்கிட்ட யார் சார் நல்லா இல்லன்னு சொல்லுவாங்க?"

இந்தக் கேள்வி டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்தது.

வெள்ளிக்கிழமை, பல்வலியோடு ஒரு சுங்கச் சோதனைக்காரர் வந்து சேர்ந்தார். செருப்புக்கு அடியில் ஒட்டியதையும் கொண்டைக்குள் செருகியதையும் பார்வையாலேயே பிடிப்பது அவர் தொழில். வந்ததுமே வரவேற்பறை நாற்காலி ஆடுகிறது என்றார், சுவர்க்கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றார், டாக்டரின் கோட்டில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம் என்றார். டாக்டருக்குப் புல்லரித்தது. இவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டால் சகலை எம்மாத்திரம்?

கடைவாய்ப் பல். ஊசி போட்டார். கன்னம் மரத்ததும், சோதிப்பதுபோல் விரலை விட்டு, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு முத்தைச் செருகினார். "சார், வேணாம்" என்று நர்ஸ் தாழ்ந்த குரலில் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அதே மாதிரி இன்னொரு முத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேடைக் குரலில் மர்மத்தை அறிவித்தார், ஊதினார், கையை விரித்தார். மறைந்தே விட்டது. இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் வந்ததில்லை. வெற்றியோடு கன்னத்துக்குள் விரலை விட்டார்.

முத்து இல்லை.

ஈறோரம் தடவினார். நாக்குக்கு அடியில் தடவினார். இல்லை. சோதனைக்காரரின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, பிறகு இருமினார். வயிற்றுக்குள் போயிருந்தால் தானாக வெளியே வந்துவிடும். மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால்? "மூச்சு விடுங்க. இன்னும் ஆழமா" என்றார். மேடைக் குரல் போன இடம் தெரியவில்லை. சோதனைக்காரர் மூச்சு விட்டார். உள்ளே விசில் மாதிரி ஏதோ கேட்டதா, கேட்கவில்லையா? நர்ஸ் நாற்காலியை நிமிர்த்தி, அவரை முன்னால் குனியவைத்தார். மறுபடி இருமல்.

என்ன ஆயிற்று என்று நோயாளி குழறினார். ஒன்றுமில்லை, எல்லோருக்கும் செய்வதுதான் என்றார் டாக்டர். கை போனைத் தேடியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? பல் பிடுங்க வந்தவரின் நெஞ்சில் முத்து எப்படி வந்தது என்று கேட்பார்களே. விசாரணை என்று வந்தால் சங்கத் தலைவர்தான் விசாரிப்பார். இருந்தும் எண்களை அழுத்தத் தொடங்கினார். அவசரத்தில் தப்பான எண் விழுந்தது.

"சார், இருங்க" என்றார் நர்ஸ். டாக்டர் ஊதிக்கொண்டிருந்த நேரத்தில், தேங்கிய எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சியது அவர்தான். இயந்திரத்தை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றி, தட்டில் கவிழ்த்தார். யார் யாருடைய பல்லடைப்புத் துணுக்குகளோ விழுந்தன. கூடவே முத்தும் விழுந்து உருண்டது.

"இனிமே என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இந்த வேலை பண்ணாதீங்க" என்றார் நர்ஸ்.

சாதாரண மனிதராக இருந்தால் டாக்டர் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பார். கலைஞராயிற்றே. மூச்சு சீரானதும் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நோயாளியின் அருகே குனிந்து, ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள், முத்து என் கையிலிருந்து எங்கே போனதென்று கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார்.

சோதனைக்காரர், விளக்கு கூசாமலிருக்க மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முத்து, மர்மம்னு என்னமோ கேட்டுது டாக்டர். என் பல்லுக்கு வந்த வியாதியோட பேருன்னு நினைச்சேன்."

ஊசியைக் கண்டால் அவருக்குப் பயம். நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.