பொம்மைகிட்ட என்ன பேசறது

முதல்லயே சொல்லிடறேன், நான் யாரோட சீட்டையும் தட்டிப் பறிக்கல. எங்க மாமியார் தெருவுல நாலு பேர்கிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க. நீங்க முழுசா கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க.

என் நாத்தனார் ஸ்கூல் முடிச்சதும் அவளை நர்சிங்ல சேர்க்கறதுன்னு மாமியார் முடிவு பண்ணிட்டாங்க. அவளைக் கேட்டாங்களான்னு கேக்காதீங்க. எங்க வீட்டுல முடிவு எடுத்த பிறகுதான் யாரையும் கேக்கறது. எங்க வீட்டுக்காரர் பார்சல் வண்டி ஓட்டறவர், அவருக்கு லீவு கிடைக்கல. அதனால காலேஜ் பார்க்க அவளைக் கூட்டிட்டுப் போற வேலை என் தலையில விழுந்துச்சு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், நீயே போய் விசாரிச்சுட்டு வான்னு அனுப்பி வச்சதும் இதே மாமியார்தான். இதை மட்டும் மறந்துடாதீங்க.

முதல்ல போன காலேஜ் கண்ணாடிக் கட்டடம். வாசல்ல நீரூற்று, உள்ளே ஏசி, உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராத சோபா. கோட்டு போட்ட ஒருத்தர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைங்க வேலை பழகறதுக்கு ஆஸ்பத்திரி எங்கே இருக்குன்னு கேட்டேன். சுவர்ல மாட்டியிருந்த படத்தைக் காட்டினார், இனிமேதான் கட்டப் போறாங்களாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், படத்து ஆஸ்பத்திரியை அன்னைக்குத்தான் பார்த்தேன். அடுத்த காலேஜ்ல வாசல்லயே போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க. என் நாத்தனாருக்குப் போன் இல்லேன்னா மூச்சே வராது, வந்த வழியே திரும்பிட்டா.

மூணாவது, பெயின்ட் உரிஞ்ச பழைய கட்டடம். ஆனா அதோட முதுகுலயே ஒரு ஆஸ்பத்திரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல ஒரு நடைபாதை. அதுல ஒரு பொண்ணு, யூனிஃபார்ம்ல, துணி போட்டு மூடின பெட்பேனைக் கையில ஏந்திக்கிட்டு யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிக்கிட்டே போனா. என் நாத்தனார் அதைப் பார்த்தா. அந்த நாத்தம் மூக்குல ஏறினதும் துப்பட்டாவால மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிப் படிக்கட்டுல உட்கார்ந்துட்டா. "அண்ணி, சத்தியமா என்னால முடியாது. நான் கணக்குப் படிக்கறேன்"னு அழுதா. சரி, நீ இங்கயே இரு, வந்த வேலையை முடிச்சுட்டு வரேன்னு நான் உள்ளே போனேன்.

ஆபீஸ்ல இருந்த அம்மாகிட்ட கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கிட்டே இருந்தேன். எப்ப வார்டுக்கு அனுப்புவீங்க, ஒரு மேடத்துக்கு எத்தனை பிள்ளைங்க, ஊசி போட யார் கையில பழகுவாங்க, எல்லாமே கேட்டேன். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "இவ்வளவு கேக்கறீங்களே, சேரப் போறது நீங்களா?"ன்னாங்க. கல்யாணம் ஆனவங்களும் சேரலாமாம், என் வயசுக்கும் இடம் இருக்காம். வாயாடின்னு பேர் வாங்கின நான் வேற எதுவும் கேக்காம ஒரு விண்ணப்பத்தை வாங்கிப் பையில வச்சுக்கிட்டேன்.

ஏன்னா ஆசை எனக்கு இருந்துச்சு, இருக்கறதுதான் தெரியாம இருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி நான் செருப்புக் கடையில வேலை பார்த்தவ. குட்டி ஸ்டூல்ல உட்கார்ந்து நாள் பூரா ஊர்க்காரங்க காலைப் பிடிச்சிருக்கேன். வீங்கின கால், வெடிச்ச கால், புண்ணை மறைக்க சாக்ஸ் போட்ட கால். ஒரு பெரியவர் கட்டைவிரல் கறுத்துப் போயிருந்ததைப் பார்த்து, ஐயா, செருப்பு அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பி வச்சேன். வியாபாரத்தைக் கெடுத்தேன்னு முதலாளி குதிச்சார். அந்தப் பெரியவர் திரும்பி வந்து, விரலைக் காப்பாத்திட்டாங்கம்மான்னு காட்டினப்போ எனக்கு வந்த சந்தோஷம் சம்பள நாள்ல கூட வந்ததில்ல.

எங்க வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுட்டு, சேரேன், யார் வேண்டாம்னாங்கன்னு சொல்லிட்டார். வேண்டாம்னு சொல்றவங்க பக்கத்து ரூம்லயே இருந்தாங்க. பொண்ணுக்குப் பார்த்த சீட்டுல மருமக போய் உட்கார்ந்துட்டாளேன்னு மாமியார் கொதிச்சுப் போயிட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன்னு நாத்தனார் தலையில அடிச்சுச் சொன்னா. அண்ணி சொல்லிக் குடுத்துப் பேசறான்னுட்டாங்க. அன்னைக்கு என்கூடப் பேச்சை நிறுத்தினவங்கதான்.

பேச்சு இல்லேன்னா சும்மா இருப்பாங்கன்னு நினைக்காதீங்க. நாத்தனாரைத் தபால்காரி ஆக்கிட்டாங்க. நான் எதிர்லயே நிப்பேன், "இந்த வீட்டுல டீ உண்டா இல்லையான்னு கேளு"ன்னு அவகிட்ட சொல்லுவாங்க. அவ என்னைப் பார்ப்பா, நான் டீயை நீட்டுவேன். அவ வீட்டுல இல்லாத நேரம் சுவர், மின்விசிறி, குக்கர் எல்லாத்துக்கிட்டயும் சொல்லுவாங்க. இதையே நான் பண்ணா விடுவாங்களா, மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க.

காலேஜ் மட்டும் ஜோரா போச்சு. வகுப்புல எல்லாம் சின்னப் பிள்ளைங்க, நான் ஒருத்திதான் பெரியவ. வாயை மூடாததால எனக்கு ரேடியோ அக்கான்னு பேர் வச்சாங்க. பாடம் எடுத்த மேடத்துக்குக் கத்தரிக்கோல்னு பேர், மார்க்கை அப்படி வெட்டுவாங்க. பழகற அறையில கட்டில் மேல ஒரு ரப்பர் பொம்மை இருந்துச்சு, ஆள் உயரம். எந்நேரமும் படுத்துக்கிட்டு எல்லார்கிட்டயும் சேவகம் வாங்கறதால அதுக்கு மகாராணின்னு பேர்.

மகாராணிகிட்டதான் எனக்கு வில்லங்கம் ஆரம்பிச்சுது. கத்தரிக்கோல் மேடத்தோட சட்டம் என்னன்னா, சொல்லாம தொடக்கூடாது. நான் யாரு, என்ன பண்ணப் போறேன், பண்ணலாமா, இது மூணையும் சொல்லிட்டுத்தான் மேல கை வைக்கணும், வேலை முடியற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கணும். பொம்மைன்னாலும் இதேதான். நாளைக்கு வார்டுல நினைவில்லாம கிடக்கறவங்களும் பதில் சொல்ல மாட்டாங்க, ஆனா காது கேட்டாலும் கேக்கும்னு சொல்லுவாங்க. சின்னப் பிள்ளைங்க வெட்கமே இல்லாம, "வணக்கம்மா, இப்ப உங்க போர்வையை எடுக்கறேன்"னு ரப்பர்கிட்ட கொஞ்சுதுங்க. எனக்கு மட்டும் வாயே வரல. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க குலம் கோத்திரம் வரைக்கும் விசாரிக்கிற எனக்கு, அந்தக் கூரையைப் பார்க்கிற மூஞ்சிகிட்ட என்ன பேசறதுன்னே தெரியல.

பரீட்சை வந்துச்சு. ஆள் படுத்திருக்கும்போதே, ஒரு பக்கமா திருப்பி, பழைய விரிப்பை உருவிப் புதுசை விரிக்கணும். என் கை வேலையில ஒரு குறை சொல்ல முடியாது, மூலையை மடிச்சா கத்தி மாதிரி நிக்கும். ஆனா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. மேடம் பேனாவை மூடிட்டு ஃபெயில்னாங்க. "ஒண்ணுமே சொல்லாம புரட்டினா படுத்திருக்கறவங்களுக்கு உயிரே போயிடும்மா." ரேடியோ ரிப்பேருன்னு பிள்ளைங்க சிரிச்சுதுங்க. இன்னொரு தடவை விடுவாங்களாம். அதுலயும் போச்சுன்னா வார்டு கிடையாது, அடுத்து வர்ற பிள்ளைங்களோட உட்கார்ந்து திரும்ப முதல்ல இருந்து படிக்கணும். வார்டுக்காகத்தானே வந்தேன். பஸ்ல அழுதுக்கிட்டே வந்தேன், அன்னைக்குப் பக்கத்து சீட்டுக்காரங்க என்னை விசாரிச்சாங்க.

வீட்டுல மாமியார் நாத்தனார்கிட்ட சொன்னாங்க, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நீ படிச்சிருந்தா பாஸ் பண்ணியிருப்பே."

பட்ட காலிலேயே படும்பாங்களே, அப்படி அந்த வாரமே மாமியார் குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்புல கீறல். ஆபரேஷன் வேண்டாம், ஆனா கொஞ்ச நாளைக்கு எழுந்திருக்கவே கூடாது, எல்லாம் படுக்கையிலதான்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க வீட்டுக்காரர் வண்டியில போயிடுவார். நாத்தனார் பெட்பேனைப் பார்த்தாலே துப்பட்டாவைத் தேடுவா, அவ கணக்குக் காலேஜும் ஆரம்பிச்சிடுச்சு. காலேஜ் நேரத்துல பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக்குவாங்க, மிச்ச வேலைக்கு இருந்தது நான்தான்.

முதல் நாள் காலையில போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாங்க. அவங்க பேசல, நானும் பேசல. நேரா போய்த் தோள்ல கையை வச்சேன். அவ்வளவுதான், உடம்பு தூக்கிப் போட்டுச்சு அவங்களுக்கு. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க, விரல் எல்லாம் வெளுத்துப் போச்சு. எந்தப் பக்கம் புரட்டப் போறேன், எங்க வலிக்கப் போகுதுன்னு தெரியாத பயம். தெருவையே அதட்டற மனுஷி இப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்ல. எனக்கு மனசு கேக்கல. கையை எடுத்துட்டேன்.

"அத்தை, நான்தான். விரிப்பு நனைஞ்சிருக்கு, மாத்தணும். உங்களை என் பக்கமா மெதுவா திருப்பப் போறேன், திருப்பட்டுமா? நீங்க பேச வேண்டாம். வலிச்சா மட்டும் சொல்லுங்க."

சட்டத்துல இருந்த விரல் ஒண்ணு ஒண்ணா விட்டுச்சு. திருப்பினேன், துடைச்சேன், விரிச்சேன், எல்லாத்தையும் சொல்லிச் சொல்லியே செஞ்சேன். மறுநாளும் அப்படித்தான். சொல்ல வேண்டியது தீர்ந்ததும் சொல்ல வேண்டாததும் வந்துச்சு. கத்தரிக்கோல் கதை, மகாராணி கதை, செருப்புக் கடைப் பெரியவர் கதை. மறுபடி பரீட்சை வருது, இதுலயும் போச்சுன்னா வார்டு இல்லேன்னு கூடச் சொல்லிட்டேன். செவிடன் காதுல ஊதின சங்குதான். அவங்க சுவரைப் பார்த்துக்கிட்டே கிடந்தாங்க. சாயங்காலம் நாத்தனார் வந்ததும், "தண்ணி வேணும்னு சொல்லு"ம்பாங்க, நான் டம்ளரோட பக்கத்துலயே நிப்பேன்.

இரண்டாவது பரீட்சை அன்னைக்கு மகாராணி முன்னாடி நின்னேன். மேடம் பேனாவைத் திறந்தாங்க. நான் புது விரிப்பை மடிச்சு மடிச்சுப் பிரிச்சேன். போச்சு, இதோட என் நர்சிங் போச்சுன்னே நினைச்சேன். அப்போ பொம்மையோட மூஞ்சியை ஒரு தடவை நல்லாப் பார்த்தேன். கல்லு மாதிரி, வாயை இறுக்கி மூடிக்கிட்டு, என்னைப் பார்க்கவே மாட்டேன்னு ஒரு பார்வை. இந்த மூஞ்சியை எனக்குத் தெரியுமே, இன்னைக்குக் காலையில துடைச்சுவிட்டுட்டுத்தானே வந்தேன்.

"அத்தை, நான்தான்"னு வந்துடுச்சு வாயில.

பின்னாடி கிளுகிளுன்னு சத்தம். மேடம் தலையைத் தூக்கினாங்க. வந்த வார்த்தையை முழுங்கவா முடியும், அப்படியே போயிட்டேன். நான் நர்சிங் மாணவி, உங்க விரிப்பை மாத்த வந்திருக்கேன், இடது பக்கமா திருப்பட்டுமா, உங்க முட்டியை மடக்கறேன், இதோ முடிஞ்சிடுச்சுன்னு வாய் பாட்டுக்குப் பேச, கை பாட்டுக்கு வேலை செஞ்சுது. கடைசியில போர்வையை இழுத்து விட்டுட்டு, "பேசாட்டிப் போங்க அத்தை, வலிச்சா மட்டும் சொல்லிடுங்க"ன்னேன். மேடம் எழுதி முடிச்சுட்டு, வார்டுல எல்லாரையும் அத்தைன்னு கூப்பிட்டா கிழவிங்க ஒத்துக்குவாங்க, கிழவனுங்க சண்டைக்கு வருவாங்கன்னாங்க. பாஸ்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். யாரும் இல்ல. எங்க வீட்டுக்காரர் போன் எடுக்கல, நாத்தனார் இன்னும் வரல. வயிறு முட்ட சந்தோஷம், சொல்லத்தான் ஆள் இல்ல. உள்ளே மாமியார் சுவரைப் பார்த்துக் கிடந்தாங்க. இவங்ககிட்டச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்னன்னு திடீர்னு ஒரு ஆத்திரம் வந்துச்சு. இவ்வளவு நாள் பேசினேனே, ஒரு 'ம்' உண்டா? வாயைத் திறக்காம போய்த் தோள்ல கையை வச்சேன்.

உடம்பு தூக்கிப் போட்டுச்சு. மாமியார் கழுத்தைத் திருப்பி என் மூஞ்சியைப் பார்த்தாங்க.

"ஏன் ஒண்ணும் சொல்லாம தொடறே? ஃபெயிலா?"

நாத்தனாரும் இல்ல, குக்கரும் இல்ல. என்னைத்தான் கேட்டாங்க. பாஸ் அத்தைன்னு சொல்றதுக்குள்ள என் கண்ணு ரெண்டும் கொட்டிடுச்சு.

"அப்ப சொல்லிட்டுத் தொடு. நீ பேசலேன்னா எனக்குப் பயமா இருக்கு."

மூக்கைத் துடைச்சுக்கிட்டு, கையை எடுத்துட்டு, முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். "அத்தை, நான்தான். உங்களை இந்தப் பக்கமா திருப்பட்டுமா?"

"திருப்பு"ன்னாங்க.