சன்னலோர நாற்காலியின் முள்பூ

ஆல்டன் ஆறரைக்கு எழுந்தான். கெட்டிலைப் போட்டான். ஒரு கோப்பை தேநீர், ஒரு துண்டு ரொட்டி. பூனைக்குத் தீனி வைத்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு டாம்சினின் மழைக்கோட்டுப் பையிலிருந்த காய்ந்த முள்பூவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு காரை எடுத்தான்.

மனைவி டாம்சின் போய் எட்டு மாதம். அவள் சொன்ன வேலைகளில் இது ஒன்றுதான் பாக்கி. இதையும் முடித்துவிட்டால் அவளுக்காகச் செய்ய எதுவும் இருக்காது. அதனாலேயே தள்ளிப்போட்டு வந்தான்.

பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்ட ஹார்ல்கோட் மாளிகை அறுநூறு வருடமாக அகழிக்கு நடுவே அப்படியே நிற்கிறது. வாசலில் இருந்த பெண் அவன் நீட்டிய உறுப்பினர் அட்டையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கான அட்டையாச்சே. கூட வர்றவங்க?"

"நான் மட்டுந்தான்."

பெரிய கூடத்தில் மிஸஸ் ஃபிர்த் காவலுக்கு இருந்தார். அங்கே 'உட்காராதீர்கள்' என்று எழுதி வைப்பதில்லை. அது முகத்திலடித்தாற்போல் இருக்கும். யாரும் உட்காராதபடி, பழைய நாற்காலிகள் ஒவ்வொன்றின்மேலும் காய்ந்த முள்பூ ஒன்றை வைத்துவிடுவார்கள். போன அக்டோபரில் ஆல்டனோடு வந்த டாம்சின், நிற்க முடியாமல், சன்னலோர நாற்காலியின் முள்பூவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மிஸஸ் ஃபிர்த் போட்ட சத்தத்தில் திருப்பி வைக்க மறந்துபோனது.

ஆல்டன் காகிதத்தைப் பிரித்தான்.

"அட, நீயா! எங்க அந்தப் பொண்ணு? நானூறு வருஷத்து நாற்காலில குதிரை ஏறின மாதிரி உக்காந்தாளே!"

"நவம்பர்ல இறந்துட்டா."

மிஸஸ் ஃபிர்த் சன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். இன்று மழை வராது என்றார். பிறகு சன்னலோர நாற்காலிமேல் முள்பூவுக்குப் பதிலாக வைத்திருந்த பைன் காயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அகழில வாத்து குஞ்சு பொரிச்சிருக்கு. அஞ்சு நிமிஷம் அதைப் பாக்கப்போறேன். முதுகுக்குப் பின்னால நடக்கறது எனக்குத் தெரியாது."

அவன் உட்கார்ந்தான். பலகை கல்லாக இருந்தது. இதற்கா அத்தனை பாடு? சிரிப்பு வந்தது. முழங்காலில் வெயில் விழுந்தது. ஐந்து நிமிடமும் உட்கார்ந்திருந்தான். எழுந்து முள்பூவை அதன் இடத்தில் வைத்தான்.

"எப்படி இருந்துச்சு?" திரும்பி வந்த மிஸஸ் ஃபிர்த் கேட்டார்.

"இடுப்பு போச்சு."

"பாத்தியா! முள்பூ நாற்காலியக் காப்பாத்தன்னு நெனச்சியா? சரி, இதுக்காகவா இவ்வளவு தூரம்? அவ சொன்னாளா?"

சொன்னாள். கடைசியாக அவள் எல்லாரையும் வாழ்த்திவிட்டுப் போனதாக மாமியார் ஊரெல்லாம் சொல்கிறார். அவன் மறுத்ததில்லை. மருத்துவமனைக் கட்டிலில், கண்ணை மூடியபடி, அவள் சொன்னது இதுதான்:

"அந்த முள்பூவக் கொண்டுபோய்க் குடுத்துடு. இல்லேன்னா மேல போயும் நான் நிம்மதியா உக்கார முடியாது, அந்தக் கிழவி வந்து எழுப்பி விட்டுடும்."