கடைசிக் குரல்

திருவொற்றியூரில் மாசானத்தின் கண்டெய்னர் யார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அண்ணாச்சியிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் கடைசியாகப் போய்ப் பேச வேண்டும். காலையில் ஒருவருக்குத் தலையாட்டுவார், மதியம் இன்னொருவருக்கு. மனுஷன் கெட்டவர் இல்லை, காதுதான் அப்படி.

அங்கே கணினிகளைக் கவனிப்பவள் நீலா. காசிமேட்டுப் பெண். அந்தப் பிரிவுக்குத் தானே பொறுப்பாளராக வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அதே நாற்காலியில் தன் மகன் அபினை உட்கார வைக்க, மாசானத்தின் அக்கா ஊரிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். தப்பிக்க வழி தேடிய அண்ணாச்சி நீலாவுக்கு ஒரு பரீட்சை வைத்தார். யார்டுக்குள் எந்தத் தகவலை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று வாசலில் நின்று பார்க்கிற ஃபயர்வால் கணினி செத்துக்கொண்டிருந்தது. அது ஓடியது லினக்ஸ் இயங்குதளத்தில். வாங்கி வைத்திருந்த புதியதில் ஓபன்பிஎஸ்டி, அதற்கு விதி எழுதும் மொழியே வேறு. பழையதன் விதிகளைப் புதியதற்கு மாற்ற வேண்டும், ஒரு லாரிகூட நிற்கக் கூடாது. நின்றால் அபின்.

நீலா விதிகளை வரி வரியாக, வரிசை பிசகாமல் புதிய மொழியில் எழுதினாள். எடைமேடையை விடு, கேட்டை விடு, கேமராவை விடு. அண்ணாச்சி யார்டில் பஜ்ஜி தின்கிறாரா என்று அவர் மனைவி ஞானபாக்கியம் வீட்டிலிருந்தே பார்க்கிற கேமரா அது. அந்த அம்மாளுக்கும் ஊரிலிருக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். கடைசி வரி: எல்லாவற்றையும் தடு. டிரைவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து நீலா கணினியை மாற்றினாள்.

அவ்வளவுதான், எல்லாம் போச்சு. கேட் திறக்கவில்லை, எடைமேடை பேசவில்லை, அவளுடைய லேப்டாப்பையே உள்ளே விடவில்லை. சாப்பிட்டு வந்தவர்களின் லாரிகள் எண்ணூர் சாலை வரை நின்று ஹாரன் அடித்தன. நாங்கள் இங்கேயே குடித்தனம் பண்ணுவதா என்று டிரைவர் வேலப்பன் கேட்டுவிட்டுப் போனார். நீலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அறைக்குள் ஓடி அந்தப் புதிய கணினியின் முன்னாலேயே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. பழையது மேலிருந்து படித்து, முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். புதியது கடைசிவரை படித்து, கடைசியாகப் பொருந்துவதைத்தான் எடுத்துக்கொள்ளும். கடைசி வரியோ 'எல்லாவற்றையும் தடு'. அது என்ன செய்யும் பாவம், தடுத்துவிட்டது. அம்மா பவானி காசிமேட்டு ஏலத்தில் கடைசிக் குரல் கொடுத்து மீனைத் தூக்குகிறவள். அவள் வயிற்றில் பிறந்தும் இது தோன்றவில்லையே என்று நீலா தலையில் அடித்துக்கொண்டாள். தடுக்கிற வரியைத் தூக்கி மேலே போட்டாள். கேமரா வரியில் மட்டும் 'க்விக்' என்று ஒரு சொல் சேர்த்தாள். அது இருந்தால் புதியதும் அந்த வரியோடு நின்றுவிடும், கீழே என்ன எழுதியிருந்தாலும் சட்டை செய்யாது. ஞானபாக்கியம் விஷயத்தில் அவள் விளையாடத் தயாராக இல்லை.

லாரிகள் நகர்ந்தன. ஆனால் நின்றது நின்றதுதான். மாசானத்தின் அறையில் மேனேஜர் ஒன்று சொன்னார், கணக்கர் ஒன்று சொன்னார். நீலா அவர்களெல்லாம் போகும்வரை காத்திருந்து, கடைசியாக நுழைந்து, நடந்ததையும் சரிசெய்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். அண்ணாச்சி தலையாட்டினார். நீயே பார்த்துக்கொள் என்றார். அப்பாடா என்று அவள் எழுந்தபோது அவர் போன் அடித்தது. அக்கா. பேசி முடித்தவர் நீலாவின் முகத்தைப் பார்க்காமல், திங்கட்கிழமை அபின் வருகிறான் என்றார்.

நீலா சண்டை போடவில்லை. வெளியே வந்து ஞானபாக்கியத்துக்குப் போன் செய்தாள்.

"கேமரா நல்லா தெரியுதாக்கா? திங்கக்கெழமைலேர்ந்து அபின் தம்பிதான் பாத்துப்பாரு. உங்க நாத்தனாரும் ஊர்ல இருந்துகினே பாக்கலாம்."

"போனை அவுக கையில குடு" என்றாள் ஞானபாக்கியம்.

நீலா மறுபடி அறைக்குள் போய்ப் போனை நீட்டினாள். மாசானம் கேட்டுக்கொண்டே இருந்தார். சரி என்றார். மறுபடியும் சரி என்றார். போனை நீலாவிடம் நீட்டி, "நீதாம்மா" என்றார்.

மேசைமேல் அவருடைய போன் அடித்தது. அக்கா. எடுத்துப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார், எடைமேடைப் பக்கம் நடந்துவிட்டார்.