மணிக்கு வெள்ளி விழா

ஆடித் திருவிழா என்றால் எங்களுக்குப் பாதி சாமி, பாதி கார்த்திகேசு. கோப்பெங் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, பெரும்பாலோர் டவுன் பக்கம் புந்தோங்கில் வந்து விழுந்தோம். மாரியம்மன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். வருடத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போவோம். கூழ் ஊற்றி முடிந்ததும் கார்த்திகேசு மைக்கைப் பிடிப்பான். "நம்ம தோட்டத்துல இந்த ஆடியில..." என்று ஆரம்பித்தால் போதும், சனம் கை கழுவாமல்கூட வந்து உட்கார்ந்துவிடும்.

ஐம்பத்தெட்டாம் வருட ஆடியில், வெட்டக் கொண்டுவந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. அறுபத்தேழு ஆடியில், சாமி வந்து ஆடிய சன்னாசி, பெண்டாட்டியின் குரல் கேட்டதும் சாமியை அனுப்பிவிட்டு உட்கார்ந்தான். எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்போம். ஆனால் கூட்டம் காத்திருப்பது கடைசியில் வரும் மணிக் கதைக்குத்தான்.

அது அறுபத்தோராம் வருட ஆடி. வேலை முடிந்தது, ரப்பர் காட்டைவிட்டுப் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு வாருங்கள் என்று அடிக்கும் மணியை, ஸ்டோர் காவல்காரர் பத்துமலை வெகுநேரம் முன்னாலேயே அடித்துவிட்டார். பால் வாளியோடு எல்லோரும் ஓடிவந்தோம். குளித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தொரை இடுப்புத் துண்டோடு ஓடிவந்தார், ஒரு காலில் மட்டும் சப்பாத்து. ஏன் அடித்தாய் என்று அவர் கத்த, கடியாரம் பார்க்கத் தெரியவில்லை என்றார் பத்துமலை. தொரையே சிரித்துவிட்டார். நாங்கள் காட்டுக்குத் திரும்பிப் போனோம்.

கதை அவ்வளவுதான். பத்துமலையும் எங்களோடு உட்கார்ந்து சிரிப்பார். அவர் மனைவி நல்லம்மாள் மட்டும் அந்த நேரம் பார்த்துச் சட்டி கழுவப் போய்விடுவாள்.

எண்பத்தாறில் கதைக்கு இருபத்தைந்து வயது. வெள்ளி விழா எடுக்காவிட்டால் கார்த்திகேசுவுக்குத் தூக்கம் வராதே! மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டுதான். ஸ்டோர் இடிபாட்டில் அதைத் தேடி எடுத்துப் பந்தல் காலில் கட்டித் தொங்கவிட்டான். அதைப் பார்த்த நல்லம்மாள் நேரே அவனிடம் போனாள்.

"தம்பி, இந்த வருசம் மணிக் கதய விட்ருப்பா."

"அது இல்லாம எப்படிக்கா? சனம் அதுக்குத்தான்லா வருது."

"வேணாம்னு சொல்றேன்."

"அண்ணனே சிரிக்கிறாரு. ஒங்களுக்கு என்னாக்கா?"

நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம். "அக்காவுக்கு வயசாச்சு, சும்மாவே கோவம் வருது" என்றாள் ஒருத்தி. அதற்கும் சிரித்தோம். நல்லம்மாள் சட்டி கழுவப் போய்விட்டாள்.

கூழுக்குப் பிறகு பத்துமலையை மேடைக்கு இழுத்து, கையில் சுத்தியலைக் கொடுத்தான் கார்த்திகேசு. "அண்ணே, இன்னிக்காச்சும் கடியாரத்தப் பாத்து அடிங்க!" ஒரே கைதட்டல். பத்துமலை சிரித்துக்கொண்டே ஓங்கி அடித்தார். மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது.

சட்டி கழுவிய ஈரக் கையோடு, ஓட்டமும் நடையுமாக நல்லம்மாள் கூட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தாள். மேடைக்கு முன்னால் வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"மணி அடிச்சீங்களே, வந்துட்டேன். புள்ள எங்க?"

இன்னும் சிலர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பத்துமலை சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஆயா பாத்துக்கிற கொட்டாயில விட்டிருந்த எங்க புள்ளைக்கு இழுப்பு வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக லாரியும் இல்ல, டவுனுக்குப் போயிருந்துச்சு. மேல் காட்டுல இருந்த இவளக் கூப்புடத்தான் அடிச்சேன். தொர கத்துனதும் வேல போயிரும்னு பயந்துட்டேன். கடியாரம் பாக்கத் தெரியலன்னுட்டேன். தொர நின்னதால இவகிட்டயும் சொல்லாம விட்டுட்டேன்."

"நானும் ஸ்டோர் வரைக்கும் வந்தேன்" என்றாள் நல்லம்மாள். "எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே காட்டுக்குத் திரும்பிட்டேன்."

உண்மையான மணி அடித்து அவள் வந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. அன்று சாயங்காலம் குழி வெட்டியதும் மண் தள்ளியதும் நாங்கள்தான். மறந்துவிட்டோம் என்று சொல்லவும் வாயில்லை. தொரையின் துண்டும் ஒற்றைச் சப்பாத்தும் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தனவே! வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

கார்த்திகேசு மேடையைவிட்டு இறங்கி வந்தான்.

"புள்ள பேரு என்னாக்கா?"

"இத்தன பேரு தூக்கிட்டுப் போனீங்க. ஒருத்தருக்குமா தெரியல?"

யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.