தோலில் நின்ற காரம்

முப்பத்துமூன்றாம் வருஷத்துக் கோடையில் விற்க அனுப்பிய மூன்று கட்டுத் தோல் மதராசிலிருந்து திரும்பி வந்தது. மேலெல்லாம் கருப்புத் திட்டு. மடித்தால் அப்பளம் மாதிரி உடைந்தது. எங்கள் முதலாளி ஆபித் பாஷா சத்தம் போடுகிற மனுஷர் இல்லை. அன்றும் போடவில்லை.

"கெடுத்தது யாருன்னு வெள்ளிக்கெழமைக்குள்ள காட்டு, கன்னியப்பா. இல்லாங்காட்டி நீ கெளம்பு," என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

ஆம்பூரில் அவருடைய தோல் கொட்டகைக்கு நான் பதினெட்டு வருஷமாக மேஸ்திரி. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிரை எடுப்போம். பிறகு தண்ணீரில் அலசிச் சுண்ணாம்பைப் போக்கி, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் இறக்குவோம். இதில் நான் தப்புச் செய்திருக்கலாம் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. மனுஷனை நம்புவதைவிடப் பூட்டை நம்புகிறவன் நான். அந்தப் பூட்டையும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன்.

யாரோ வேண்டுமென்றே தொட்டியில் எதையோ போடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். காவல்காரனைச் சந்தேகப்பட்டேன். பட்டை இடிக்கிறவனைச் சந்தேகப்பட்டேன். எல்லாரையும்விட, தோல் அலசுகிற கோவிந்தம்மாள் மேல்தான் எனக்குக் கண். அவள் கொழுந்தன் அந்தப் பங்குனியில்தான் எங்களை விட்டுவிட்டு ஆற்றோரத்துப் போட்டிக் கொட்டகைக்குப் போயிருந்தான். அதோடு, நான் அந்தப் பக்கம் போனால் அவள் பேச்சை நிறுத்துவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் இல்லையா? எல்லாப் பெண்களும்தான் நிறுத்தினார்கள், அது வேறு விஷயம்.

புதன்கிழமை முதலாளியின் அக்கா மகன் நிசார் அஹமது வந்து இறங்கினார். மதராசில் தோல் படிப்புப் படித்தவர். வீட்டில் பேசுவது உருது. தமிழில் படிப்புச் சொல்லெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கற்றது. கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னப் புத்தகம். அதில் கிழித்துக் கிழித்து எடுக்கிற மாதிரி காகிதத் துண்டுகள். என் வேலைக்கு உலை வைக்க வந்தவர் என்று அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அலசி முடித்த தோல் ஒன்றை எடுத்து ஓரத்தை வெட்டினார். வெட்டுவாயில் ஒரு காகிதத்தை ஒட்டி எடுத்தார். மஞ்சளாக இருந்த காகிதம் கருநீலமாகிவிட்டது. அதைப் புத்தக அட்டையில் எண் போட்டு வரிசையாக இருந்த வர்ணங்களோடு வைத்துப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, தோல்ல காரம் நிக்குது. ரொம்ப ஜாஸ்தி," என்றார். பிறகு சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

காரமா? எனக்குத் தலை சூடாகிவிட்டது. நாக்கையே பொசுக்குகிற மிளகாய்ப் பொடி தோலை விட்டுவைக்குமா? அந்தப் பொடியைத் தினமும் கொட்டகைக்குள் கொண்டுவருவது யார்? கோவிந்தம்மாள். அவள் இடித்த பொடியை மற்றப் பெண்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நேரே போய் அவள் தூக்குச்சட்டியைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தேன். கூழ் கொட்டியது; கூடவே இலையில் மடித்த மிளகாய்ப் பொடி. "கூழுக்குத் தொட்டுக்கறது மேஸ்திரி, நீங்களே துன்னுகீறீங்களே," என்றாள். நான் காதில் வாங்கவில்லை. பொட்டலத்தோடு அவளை முதலாளி முன்னால் நிறுத்தினேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். புருஷன் கால் ஒடிந்து கிடக்கிற வீட்டில் அவள் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. அது எனக்குத் தெரியாததல்ல.

சாயங்காலம் நிசார் அஹமதுவிடம் ஆளைப் பிடித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது மொளகாக் காரம் இல்ல, மேஸ்திரி. சுண்ணாம்பு. புஸ்தகத்துல அதுக்குக் காரம்னுதான் பேரு."

நான் நம்பவில்லை. என் கையிலிருந்த பொட்டலத்தையே வாங்கி ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தார். காகிதத்தை நனைத்து அட்டையில் வைத்தார். ஏழு என்ற எண்ணைக்கூடத் தாண்டவில்லை. புளித்தண்ணீர் மூன்றைக் காட்டியது. சுண்ணாம்புத் தொட்டி பன்னிரண்டு. ஏழுதான் நடு, கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம் என்றார். மிளகாய் நாக்கை எரிக்கும், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் அது காரமே இல்லையாம்.

பிறகு அலசிய தோலை என் கண் முன்னாலேயே இன்னொரு தரம் பார்த்தார். பதினொன்று. எட்டு இருந்தால் பட்டைத் தண்ணீரில் இறக்கலாம் என்றார். மூணுதானே வித்தியாசம், இதற்குப்போய் இவ்வளவு பேச்சா என்றேன். ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு, இரண்டு ஏறினால் நூறு, மூன்று ஏறினால் ஆயிரம் என்று விரல் விட்டுச் சொன்னார்.

"எத்தினி தண்ணி மாத்தி அலசறீங்க?" என்று கேட்டார்.

ரெண்டு என்றேன். எல்லா இடத்திலும் மூன்றாயிற்றே என்றார். எங்கள் கொட்டகையிலும் மாசி வரைக்கும் மூன்றுதான். மூன்றாம் தண்ணீரில் பெண்கள் தோலைத் தொடாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அதனால் அதை நிறுத்தியவன் நான்தான். கோவிந்தம்மாள் அப்போதே வந்து, தோல் இன்னும் வழவழவென்று இருக்கிறது, கை எரிகிறது என்று சொன்னாள். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்று விரட்டிவிட்டேன். இதையெல்லாம் அவரிடமே சொல்ல வேண்டியதாயிற்று. அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். முதலில் அந்தப் பெண்ணைக் கூட்டி வா, உன்னைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்.

போனேன். கோவிந்தம்மாள் வாசலில் நின்றே கேட்டாள். காகிதத்தைப் பற்றி, எண்களைப் பற்றி, தண்ணீரைக் குறைத்த என் புத்தியைப் பற்றி எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது என்று கொட்டகையில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக எனக்கு 'நீங்க' போட்டவள், வாயைத் திறந்தபோது 'நீ' என்றாள்.

"நான் வரலன்னா ஒன் வேலையும் போய்டும். அதானே வந்த?"

அதற்காகவும்தான் என்றேன். அது பொய் இல்லை.

"சரி, வர்றேன்னே வெச்சுக்க. நாளிக்கி இன்னொரு கட்டு கெட்டுப் போவுது. காகிதம், நம்பரு எல்லாம் அப்பறம். மொதல்ல யாரு மூஞ்சியப் பாப்ப?"

யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். அது எனக்கே தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.